பவர் வீடருக்குப் புதுக் கத்தி மாட்டிய மூன்று நாள்

நேற்று சாயங்காலம் களை எடுக்கிற பவர் வீடர் மெஷினை முருங்கை வரிசைக்கு நடுவில் நான்கு சால் ஓட்டிப் பார்த்தேன். கைப்பிடியை அமுக்கிப் பிடிக்காமலே கத்தி 5 அங்குலம் இறங்கியது, கோரை கிழங்கோடு புரண்டு மேலே வந்தது. இதே மெஷின்தான் ஒரு மாதத்துக்கு முன்னால் 2 அங்குலத்துக்கு மேல் இறங்காமல் மண்ணின் மேல் குதித்துக் குதித்து ஓடியது. நடுவில் நடந்ததை மறப்பதற்கு முன்னால் எழுதி வைக்கிறேன். இதில் நான் செய்த தப்புகளில் ஒன்று பணத்தோடு போனது, இன்னொன்று கால் விரலை எடுத்துக்கொண்டு போயிருக்கும்.

எங்கள் தோட்டம் ஒட்டன்சத்திரம் பக்கம். செம்மண், அதில் பாதி சரளைக்கல். மெஷின் 7 ஹெச்.பி. பெட்ரோல் பவர் வீடர், 170எஃப் வகை எஞ்சின். நான்கு வருடத்துக்கு முன்னால் வேளாண் பொறியியல் துறை மானியத்தில் வாங்கியது. ஒரு பக்கத்துக்கு ஒரு ரோட்டர் (கத்திகளோடு சுற்றும் பகுதி), ஒரு ரோட்டரில் மூன்று வட்டத் தகடு, ஒரு தகட்டில் நான்கு கத்தி. இரண்டு பக்கமும் சேர்த்து 24 கத்தி, ஒரு கத்திக்கு இரண்டு போல்ட், ஆக 48 போல்ட். நான்கு வருடமாக ஒரு கத்தியைக்கூட மாற்றவில்லை. சரளை மண்ணில் அது ரொம்ப அதிகம் என்று இப்போது தெரிகிறது.

தேய்ந்திருக்கிறது என்பது உடனே பிடிபடவில்லை. முதலில் எஞ்சினைத்தான் சந்தேகப்பட்டேன். பிளக் மாற்றினேன், ஏர் பில்டர் கழுவினேன், கிளட்ச் வயரை இறுக்கினேன். எஞ்சின் நன்றாகத்தான் இழுத்தது. அப்புறம் ஒரு நாள் ஓட்டி முடித்த சாலைத் திரும்பிப் பார்த்தபோது நடுவில் ஒரு கை அகலத்துக்குப் புல் அப்படியே நின்றது. கியர் பாக்ஸுக்கு நேர் கீழே எப்போதும் ஒரு சின்ன இடைவெளி விடும். ஆனால் உள்பக்கக் கத்திகளின் பாதம் அந்த இடைவெளிக்குள் நீண்டு வந்து பெரும்பகுதியை வெட்டிவிடும். அந்தப் பாதம் கரைந்துபோனதால்தான் புல் தப்பித்திருக்கிறது. அன்றைக்குத்தான் ஸ்கேல் வைத்து அளந்தேன். பாதம் என்று நான் சொல்வது எல் எழுத்து மாதிரி மடங்கியிருக்கும் பகுதி. கடையில் பார்த்த புதுக் கத்தியில் அது 75 மி.மீ. என்னுடையதில் நன்றாக இருந்த கத்தியிலேயே 42, மோசமானதில் 28. தண்டின் அகலம் புதிதில் 40 மி.மீ., என்னுடையதில் 22. நுனி தாள் மாதிரி மெலிந்து, விரலை வைத்தால் அறுக்கிற பதத்தில் இருந்தது. தேய்ந்த கத்தி மொட்டையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. மண்தான் அதற்குச் சாணை பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

24 புதுக் கத்தி வாங்குவதா, இருப்பதையே நீட்டிவிடுவதா என்று யோசித்தேன். இங்கேதான் முதல் தப்பு. பக்கத்து ஊரில் ஒரு வெல்டிங் பட்டறை. லாரிப் பட்டைத் தகட்டைத் துண்டு போட்டு நுனியில் பற்ற வைத்தால் புதுக் கத்தியை விட உழைக்கும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போனேன். "கழட்டவே வேண்டாங்க தம்பி, மேலயே பத்த வச்சுரலாம்" என்றார் பட்டறைக்காரர். நானும் சரி என்றேன். டேங்க்கில் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் இருந்தது. அதற்கு மூன்றடி தள்ளி வெல்டிங் பொறி பறந்துகொண்டிருக்கிறது, நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். அதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. வெல்டிங்குக்கு 1,200 ரூபாய், வண்டி வாடகை 400.

மறுநாள் காலையில் ஓட்டினேன். முதல் அரை மணி நேரம் அருமையாக இருந்தது. அப்புறம் மெஷின் ஒரு பக்கமாக ஆடத் தொடங்கியது. ஒட்டிய துண்டுகள் ஒன்றுக்கொன்று எடை வித்தியாசம், கைப்பிடி தோள் வரைக்கும் அதிர்ந்தது. ஒரு மணி நேரம் முடியும்போது டங் என்று ஒரு சத்தம். மோட்டார் ரூம் தகரக் கதவில் ஏதோ அடித்து விழுந்தது. போய்ப் பார்த்தால் பற்ற வைத்த துண்டு. வெல்டிங் அப்படியே இருக்கிறது, அதை ஒட்டி அரை அங்குலம் தள்ளிக் கத்தி கண்ணாடி மாதிரி முறிந்திருக்கிறது. உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் மணல் மணலாக மின்னியது. நான் நின்ற இடத்துக்கும் அந்தக் கதவுக்கும் பதினைந்து அடி இருக்கும். மட்கார்டைத் தாண்டி எப்படிப் போனது என்று இன்னும் புரியவில்லை. அந்தக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அம்மா முருங்கைக்காய் கட்டுவார். அன்றைக்கு வரவில்லை.

அன்றே முடிவு செய்தேன், புதுக் கத்தி, புதுப் போல்ட்டு, நானே மாற்றுகிறேன். மாற்றும்போது யாருக்கும் ஒரு கீறல்கூட விழக்கூடாது.

கத்தி வாங்கப் போனதில் ஒரு நாள் வீண். கடையில் "7 ஹெச்.பி. வீடர் கத்தி" என்று கேட்டேன், கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து தகட்டில் வைத்துப் பார்த்தால் ஒரு ஓட்டை சேருகிறது, இன்னொன்று 4 மி.மீ. தள்ளி நிற்கிறது. ஹெச்.பி.யை மட்டும் வைத்துக் கத்தி வாங்க முடியாது. ஒரே ஹெச்.பி.யில் கம்பெனிக்குக் கம்பெனி ஓட்டை அளவு மாறுகிறது. மறுநாள் பழைய கத்தியில் இடது ஒன்று, வலது ஒன்று கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். அவற்றின் மேலேயே வைத்து ஓட்டைக்கு ஓட்டை, தடிமன், மடிப்பு எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார், அது அவருடைய நல்ல மனசு.

எத்தனை இடது, எத்தனை வலது என்பதையும் வீட்டிலேயே எண்ணிக்கொண்டு போக வேண்டும். என் மெஷினில் உள் தகடு இரண்டிலும் இடதும் வலதும் மாறி மாறி இருக்கும். கடைசித் தகட்டில் மட்டும் நான்கு கத்தியும் உள்பக்கம் பார்த்து மடங்கியிருக்கும், பயிர் வரிசைக்குள் கத்தி போய்விடக்கூடாது என்பதற்காக. அதனால் இடது ரோட்டரில் 4 இடது, 8 வலது. வலது ரோட்டரில் அப்படியே தலைகீழ். மொத்தத்தில் 12, 12.

போல்ட்டுக்கு இரும்புக் கடையில் "17 நம்பர் தலை, ஒண்ணேகால் அங்குலம்" என்று கேட்டாலே எடுத்துப் போடுவார்கள். அதில் சாதா போல்ட்டும் இருக்கும், அதிக இழுவிசை தாங்கும் ஹை டென்சில் போல்ட்டும் இருக்கும். தலையில் 8.8 என்று எழுத்து எழும்பியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். எம் 10 அளவு (10 மி.மீ. தடிமன்), 30 மி.மீ. நீளம். நட்டு உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு, ஏனென்றால் இந்த அதிர்வுக்குச் சாதா நட்டு நிற்காது. சாதா போல்ட் பாதி விலைதான், ஆனால் அது அறுந்தால் கத்தி என்ன செய்யும் என்பதைத் தகரக் கதவில் பார்த்துவிட்டேன்.

முதல் நாள் வேலை. காலையில் எஞ்சின் சுத்தமாக ஆறியிருக்கும்போது ஆரம்பித்தேன். பெட்ரோல் குழாயின் திருகை மூடி, டேங்க்கை முழுக்கக் கேனில் இறக்கி, கேனைக் கொண்டுபோய் வீட்டுத் திண்ணையில் வைத்தேன். சுவிட்சை ஆஃப் செய்ததோடு விடவில்லை, பிளக் கேப்பைப் பிடுங்கி, சைக்கிள் டியூப் துண்டால் கைப்பிடிக் குழாயோடு சேர்த்துக் கட்டினேன். பையனுக்கு ஏழு வயது. ஸ்டார்ட்டர் கயிற்றைக் கண்டால் இழுக்காமல் இருக்கமாட்டான். சும்மா பிடுங்கித் தொங்கவிட்டால் கேப் ஆடி ஆடிப் பிளக்கைத் தொட்டுவிடலாம், அதனால்தான் கட்டியது. கியரை நியூட்ரலில் போட்டேன். தோல் கையுறை, செருப்புக்குப் பதில் மூடிய ஷூ. ஷூ போட்டது எவ்வளவு நல்லது என்று மதியமே தெரிந்தது.

ரோட்டரை மெஷினிலேயே வைத்துக்கொண்டு கத்தியை மாற்றலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கு மெஷினை முன்பக்கமாகக் கவிழ்த்து, மூக்குக் கம்பி தரையில் படுகிற மாதிரி நிறுத்தினேன். கத்தி எல்லாம் மேலே பார்த்துக்கொண்டு கைக்கு வசதியாக இருந்தது. ஆனால் அந்த நிலையில் எஞ்சினின் பிளக் பக்கம் கீழே போகிறது. இரண்டு மணி நேரம் அப்படியே நின்றதில் என்ஜின் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியது, ஏர் பில்டர் கிண்ணத்தில் இருந்த ஆயிலும் கொட்டி ஸ்பாஞ்சு ஊறிப்போனது. கடைசியில் வேலை முடிந்து ஸ்டார்ட் செய்தபோது ஐந்து நிமிடம் வெள்ளைப் புகை. அதற்கு முன்னால் பிளக்கைக் கழற்றிவிட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக் கயிற்றை நாலைந்து முறை இழுத்து உள்ளே இருந்த ஆயிலை வெளியே துப்ப வைத்தேன். இல்லையென்றால் கயிறே இழுபடவில்லை. கவிழ்க்கத்தான் வேண்டும் என்றால் பிளக் மேலே பார்க்கிற மாதிரி, கைப்பிடி தரையில் படுகிற மாதிரி பின்பக்கமாகத்தான் சாய்க்க வேண்டும்.

கவிழ்த்தது மட்டுமா, இரண்டு செங்கல்லை அண்டக் கொடுத்திருந்தேன். அதுதான் அந்த இன்னொரு தப்பு. மூன்றாவது போல்ட் இறுகிப் பிடித்திருந்தது, ஸ்பேனர் மேல் உடம்பைப் போட்டு அமுக்கினேன். செங்கல் நொறுங்கியது. மெஷின் 90 கிலோ, அது பக்கவாட்டில் சரிந்து ரோட்டர் என் இடது கால் பக்கத்தில் வந்து இறங்கியது. ஒரு கத்தியின் நுனி ஷூவின் முன்தோலைக் கிழித்துக்கொண்டு மண்ணில் நின்றது. விரலுக்கும் கத்திக்கும் நடுவே ஒரு சாக்ஸ்தான். அப்பா ஓடி வந்து, ஒன்றும் பேசாமல் கிழிந்த ஷூவைக் கழற்றி விரலை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். அப்புறம்தான் திட்டினார். "டேய், வண்டிக்கு அடியில கல்லை வைக்காதேன்னு எத்தனை வாட்டி சொல்றது, மரத்தை வை" என்றார்.

அன்றைக்கு மேற்கொண்டு வேலை செய்யவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் அப்பா சொன்னபடி தென்னை மரத்தில் ஒரு முழ நீளத்துக்கு மூன்று துண்டு அறுத்தோம். மெஷினை நேராகவே, சமதரையில், சிமெண்ட் களத்தில் நிறுத்தினோம். யோசித்துப் பார்த்தால் கவிழ்க்க வேண்டிய அவசியமே இல்லை. ரோட்டர் இரண்டும் ஆறு பட்டை ஷாஃப்ட்டில் சொருகி, ஆளுக்கு ஒரு பின் போட்டுத்தான் நிற்கின்றன. மெஷினை 2 அங்குலம் தூக்கினால் போதும், ரோட்டரைப் பக்கவாட்டில் உருவிவிடலாம். கியர் பாக்ஸுக்கு அடியில் ஒரு பலகை, பலகைக்கு அடியில் கார் ஜாக்கி. தூக்கியதும் கியர் பாக்ஸுக்கு ஒரு மரத்துண்டு, மூக்குக் கம்பிக்கு ஒன்று, பின்னால் உழும் ஆழத்தை வைக்கிற ஆழக் கம்பிக்கு ஒன்று. ஜாக்கியைக் கொஞ்சம் இறக்கி எடை முழுவதும் மரத்தின் மேல் உட்கார்ந்த பிறகு, கைப்பிடியைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. ஜாக்கியை நம்பி அடியில் கை விடக்கூடாது.

பின் கழன்றது. ரோட்டர் வரவில்லை. நான்கு வருடத்துத் துரு ஷாஃப்ட்டையும் குழாயையும் ஒன்றாக்கியிருந்தது. முதலில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்தேன், அரை மணி நேரம் விட்டுக் கட்டையால் தட்டினேன், அசையவில்லை. பின் ஓட்டை வழியாக டீசலை ஊற்றி விட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மறுபடியும் முயற்சி. அப்பா வெளித் தகட்டுக்குப் பின்னால் மரக்கட்டையை வைத்துப் பிடிக்க, நான் சுத்தியலால் ஒவ்வொரு அடிக்கும் ரோட்டரைக் கொஞ்சம் திருப்பித் திருப்பி அடித்தேன். ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொண்டு இன்னும் இறுகும். இருபது அடியில் துருத்தூள் சிவப்பாகக் கொட்டியது, அப்புறம் ஒரு அங்குலம் நகர்ந்தது, அதற்கு மேல் வெண்ணெய் மாதிரி வந்துவிட்டது. அடுத்த பக்கத்துக்கு இரண்டு மடங்கு நேரம்.

உருவியதும் இன்னொன்று கண்ணில் பட்டது. வலது பக்கம் கியர் பாக்ஸிலிருந்து ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்தில், ஆயில் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் என்ற வளையத்தை ஒட்டி, தக்காளிக்குக் கட்டுகிற நைலான் சரடு சுற்றிக்கிடந்தது. சூட்டில் உருகிக் கருப்பு வளையமாகவே ஆகியிருந்தது. கத்தியால் கீறி, குறடால் பிடித்து இழுத்தால் முழம் முழமாக வந்தது. கூடவே ஒரு சாண் சொட்டுநீர் டியூப், கோரை வேர். சீலின் உதடு நல்லவேளை வெட்டுப்படவில்லை, ஆனால் அந்த இடம் ஈரமாக இருந்தது. கியர் பாக்ஸில் ஆயில் பார்த்தேன், அளவுக்குக் கீழே. 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றி நிரப்பினேன். கத்தி மாற்ற இறங்கியதால்தான் இது தெரிந்தது. இன்னும் ஒரு பருவம் விட்டிருந்தால் சரடு சீலை அறுத்து, ஆயில் முழுக்கப் போய், கியரே போயிருக்கும்.

ரோட்டரைக் களத்தின் மறுகோடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன், ஏனென்றால் கிரைண்டர் பிடிக்க வேண்டியிருக்கும் என்று தெரியும். பெட்ரோல் மெஷினும் கிரைண்டர் பொறியும் ஒரே இடத்தில் வேண்டாம். கழற்றுவதற்கு முன்னால் நான்கு பக்கமும் போட்டோ எடுத்தேன். அதோடு, எல்லாக் கத்தியையும் ஒரே அடியாகக் கழற்றவில்லை. ஒன்றைக் கழற்றினால் அந்த இடத்திலேயே புதிதை மாட்டிவிட்டுத்தான் அடுத்தது. எது இடது எது வலது என்று குழம்பவே இல்லை.

48 போல்ட்டில் 29 ஸ்பேனருக்கே வந்தது. கம்பி பிரஷ் வைத்து மரையில் இருக்கும் மண்ணைச் சுரண்டி, ஸ்பிரே அடித்து, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூலளவு திருப்பி, அப்புறம் தளர்த்தினால் சத்தத்தோடு விடும். 11 போல்ட் அதற்கும் மசியவில்லை. தலையில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு எடுத்தேன். மீதி 8 போல்ட்டின் தலை மண்ணில் தேய்ந்து உருண்டையாகியிருந்தது, ஸ்பேனர் பிடிக்கவே இடமில்லை. அவற்றுக்கு 4 அங்குலக் கிரைண்டரில் கட்டிங் வீல் போட்டு, நட்டை ஒரு பக்கமாக நீளவாக்கில் அறுத்து, உளியை வைத்து ஒரு அடி. நட்டு இரண்டாகப் பிளந்து விழும், தகட்டில் கீறல்கூட விழாது. ஆரம்பத்தில் தலையோடு சேர்த்துக் குறுக்கே அறுக்கப் பார்த்து ஒரு வீலைத் தகட்டில் உரசி உடைத்தேன். கண்ணாடி போட்டிருந்தேன், கிரைண்டரின் கார்டும் கழற்றாமல் இருந்தது, அதனால் ஒன்றும் ஆகவில்லை.

ஸ்பேனர் போடும்போது கை எந்தப் பக்கம் போகும் என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டேன். நட்டு திடீரென்று விட்டுக்கொடுக்கும்போது முட்டி போய்ப் பக்கத்துக் கத்தியில்தான் இடிக்கும். அந்த நுனிகள் எவ்வளவு கூர் என்று ஏற்கனவே சொன்னேன். முடிந்த இடத்தில் எல்லாம் என் பக்கமாக இழுத்தேன், தள்ளவில்லை. தள்ளியே ஆகவேண்டிய இடத்தில் பக்கத்துக் கத்தி மேல் சாக்கை நான்காக மடித்துப் போட்டேன். 24 கத்தி மாற்றியும் கையில் ரத்தம் வரவில்லை.

இரண்டு வகை ஸ்பேனர் தேவைப்பட்டது இன்னொரு விஷயம். பழைய போல்ட்டுக்குத் தலை 16, புதிதுக்கு 17. எம் 10 போல்ட்டிலேயே இரண்டு விதமான தலை வருகிறது. என்னிடம் 16-ல் ரிங் ஸ்பேனர் இல்லை, டபுள் எண்ட் ஸ்பேனரை வைத்துத் திருகப் போய்த்தான் நாலைந்து தலை இன்னும் உருண்டையானது. 150 ரூபாய்க்கு ஒரு ரிங் ஸ்பேனர் வாங்கியிருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

புதுக் கத்தி மாட்டும்போது தகட்டில் துருவையும் ஒட்டியிருந்த மண்ணையும் கம்பி பிரஷால் பளிச்சென்று தேய்த்தேன். நடுவில் மண் இருந்தால் இன்றைக்கு இறுகியது மாதிரி இருக்கும், நாளைக்கு மண் உதிர்ந்ததும் தளர்ந்துவிடும். இறுக்கும் அளவுக்குக் கணக்கு உண்டு. எம் 10, 8.8 போல்ட்டுக்குச் சுமார் 45 நியூட்டன் மீட்டர். அதை அளந்து இறுக்கும் டார்க் ஸ்பேனர் நம்மிடம் ஏது, பாக்ஸ் ஸ்பேனரில் ஒரு அடிக் கைப்பிடி போட்டு அதன் நுனியில் 15 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிட்டத்தட்ட அதே அளவு. வீட்டில் அரிசித் தராசில் 15 கிலோ எவ்வளவு என்று கையால் அமுக்கிப் பழகிக்கொண்டு வந்து இறுக்கினேன். பைப் போட்டு ஏறி நின்று இறுக்கினால் மரை இழுபட்டுவிடும்.

மூன்றாம் நாள் காலையில் ரோட்டரை ஏற்றினோம். ஷாஃப்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விரலால் கிரீஸ் தடவிச் சொருகினேன், கையாலேயே போய் உட்கார்ந்தது. பின் புதிது. பெட்ரோல் ஊற்றி, பிளக் கேப் மாட்டி, பையனையும் நாயையும் வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, அந்த வெள்ளைப் புகை அடங்கியதும் முருங்கைக்குள் இறக்கினேன்.

மெஷின் வெட்டவில்லை! குதிரை மாதிரி முன்னால் பாய்கிறது, மண்ணைத் தட்டுகிறது, இறங்க மறுக்கிறது. கத்தி மாற்றுவதற்கு முன்னால் இருந்ததை விட மோசம். பத்தடியில் நிறுத்திவிட்டேன். எஞ்சினை அணைத்து, மறுபடியும் கேப்பைப் பிடுங்கிவிட்டுக் குனிந்து பார்த்தால் ரோட்டர் இரண்டும் பக்கம் மாறியிருக்கிறது. இடது ரோட்டர் வலதிலும் வலது ரோட்டர் இடதிலும். பக்கம் மாறினால் கத்தியின் கூர்முகம் பின்னால் பார்க்கும், தடித்த முதுகு மண்ணில் அடிக்கும். கத்திகளை இடம் மாறாமல் மாட்ட அவ்வளவு கவனமாக இருந்தேன், ரோட்டரில் ஒரு அடையாளம் வைக்க மறந்துவிட்டேன். கிரீஸ் போட்டிருந்ததால் மாற்ற இருபது நிமிடம்தான் ஆனது. இப்போது இடது ரோட்டரின் வெளித் தகட்டில் ஒரு சிவப்புப் பொட்டு, வலதில் இரண்டு. முன்னால் நின்று பார்க்கும்போது, மேலே இருக்கும் கத்தியின் கூர்முகம் நம்மைப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் அதை ஒரு முறை பார்த்தால் போதும்.

மாற்றிய பிறகு ஓட்டியதைத்தான் முதலிலேயே சொன்னேன். இருபது நிமிடம் ஓட்டியதும் நிறுத்தி, ஆறவிட்டு, 48 போல்ட்டையும் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன். 5 போல்ட் கால் சுற்று வாங்கியது. இன்றைக்குக் காலையில் இன்னொரு முறை பார்த்தேன், எதுவும் அசையவில்லை. முன்பு ஒரே இடத்தை மூன்று தடவை ஓட்டினாலும் கோரை மேலே அறுபட்டு நாலு நாளில் துளிர்த்துவிடும். இப்போது இரண்டு ஓட்டு போதும். அரை ஏக்கருக்கு 4 லிட்டருக்கு மேல் குடித்த மெஷின் நேற்று இரண்டே முக்கால் லிட்டரில் முடித்தது.

செலவு: கத்தி ஒன்று 95 ரூபாய் வீதம் 24-க்கு 2,280. போல்ட்டும் நட்டும் சேர்த்து 12 ரூபாய், இரண்டு கூடுதலாக 50 வாங்கினேன், 600. ஸ்பிரே 220, கட்டிங் வீல் நான்கு 120, கியர் ஆயில் 320, கம்பி பிரஷ் 60. ஆக 3,600. வீணாய்ப் போன வெல்டிங்கும் வண்டியும் 1,600 தனி. கத்தியோடு சேர்ந்த முழு ரோட்டர் ஜோடி அதே கடையில் 6,200 சொன்னார்கள். தகடு வளைந்தோ, ஆறு பட்டைக் குழாய் தேய்ந்து லொடலொடவென்று ஆடினாலோ ரோட்டரோடு மாற்றுவதுதான் சரி. என்னுடையதில் தகடு நேராக இருந்ததால் கத்தி மட்டும் போதுமாக இருந்தது.

அடுத்த முறைக்கு என்று சிலவற்றை ஏற்கனவே தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் ரோட்டரை உருவி, சரடு சுற்றியிருக்கிறதா பார்த்து, கிரீஸ் தடவித் திரும்ப மாட்டுவது. தென்னந்துண்டு மூன்றையும் கழிவு ஆயிலில் ஊறவைத்து மெஷினோடேயே வைத்திருக்கிறேன், அடுப்புக்குப் போய்விடாமல் இருக்க அம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது. பழைய கத்தியில் ஒன்றுக்கு அப்பா வேப்பம் பிடி போட்டுக் களைக்கொத்தாக ஆக்கிக்கொண்டார். மோட்டார் ரூம் சுவரில் ஒரு புதுக் கத்தியை வைத்துச் சுற்றிப் பெயிண்டால் கோடு இழுத்திருக்கிறேன், அதற்குள் பாதம் 50 மி.மீ. வருகிற இடத்தில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. தை மாதம் ரோட்டரை உருவும்போது ஒரு கத்தியைக் கழற்றி அந்தப் படத்தின் மேல் வைத்துப் பார்ப்பேன். சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தால் அன்றைக்கே கடைக்குப் போன்.